மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தோப்புக்குப் போனால்?

கேள்வி: எனக்கு வயது 54. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். மூன்று வருடமாகச் சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை. போன வாரம் மாத்திரை போட்டதும் காய் பறிக்க ஆள் வந்துவிட்டதால் சாப்பிடாமலே போய்விட்டேன். பதினோரு மணிக்குக் கை நடுங்கி, சட்டையெல்லாம் வேர்த்து நனைந்துவிட்டது. சர்க்கரை குறைந்தால் இன்சுலின் சுரப்பதும் தானாகக் குறையாதா, டாக்டர்?

பதில்: குறையும் ஐயா, மாத்திரை போடாத உடம்பில்.

கணையத்துக்குள் திட்டுத் திட்டாகச் செல் கூட்டங்கள் இருக்கின்றன. 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானியர், மாணவராக இருந்தபோதே கண்டு எழுதியவை. அங்குள்ள பீட்டா செல்கள் இன்சுலினைச் சின்னச் சின்னப் பைகளில் நிரப்பித் தயாராக வைத்திருக்கும். நீங்கள் களி சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸ் இந்தச் செல்லுக்குள் போகிறது. குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதைப் பிடித்து எரிக்க அனுப்புகிறது. சர்க்கரை குறைந்தால் இந்த நொதி மெதுவாகும், ஏற ஏற வேகமாகும். கணையம் சர்க்கரையை அளக்கும் படி இதுதான்.

குளுக்கோஸ் எரிந்தால் ஏடிபி என்ற சக்திப் பொருள் பெருகும். செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வாசல் ஒன்று உண்டு. ஏடிபி அதை மூடிவிடும். உடனே சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் வாசல் திறக்கும். கால்சியம் உள்ளே வந்ததும் பைகள் சவ்வோடு ஒட்டி இன்சுலினை வெளியே கொட்டும். பட்டினியில் ஏடிபி குறைந்து பொட்டாசியம் வாசல் திறந்தே கிடக்கும். இன்சுலின் சொற்பமாகத்தான் வரும்.

உங்கள் மாத்திரை இந்த அளவையைத் தாண்டி, நேராகப் போய்ப் பொட்டாசியம் வாசலை மூடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை 200 இருக்கிறதா, 60 இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. சாப்பாடு இல்லாமலே இன்சுலின் வந்தது. போதாததற்கு ஏணி ஏறி, கூடை தூக்கிய தசைகளும் சர்க்கரையை இழுத்துக்கொண்டன.

சரி, மறுபடி நடுக்கம் வந்தால்? மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். தோப்பிலேயே இருக்கிறதே என்று மாம்பழம் கடிக்க வேண்டாம். அது ஏறத் தாமதமாகும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. அப்புறம் கட்டாயம் சாப்பிடுங்கள், ஏனென்றால் இந்த மாத்திரை நாள் முழுக்க வேலை செய்யும், நடுக்கம் திரும்பலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நடந்ததை உங்கள் டாக்டரிடம் சொல்லி, அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் சர்க்கரை இன்னும் எளிதாக இறங்கிவிடும்.

தோப்புக்கு வரும் ஆட்களிடமும் சொல்லி வையுங்கள்: நீங்கள் நினைவிழந்து விழுந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.