வர்ணம் வரும்போது வீட்டுக்குப் போகலாம்

கேள்வி:

வணக்கம். வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் இருக்கிறோம். மகளுக்கு 7 வயது, மகனுக்கு நாலரை. போன மாதம் உறவுக்காரப் பிள்ளை ஒன்றின் அரங்கேற்றத்துக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு போனோம். வர்ணம் என்ற நீண்ட நடனம் நடக்கையில் சின்னவன் அழத் தொடங்கினான். மூத்தவள் "எப்ப முடியும்?" என்று கேட்டபடியே இருந்தாள். இதுகளுக்கு இதில் நாட்டமில்லை என்பது என் கணவரின் முடிவு. மாமியோ வாற விஜயதசமிக்கு இரண்டு பேரையும் நடனத்துக்கும் பாட்டுக்கும் சேர்க்கச் சொல்கிறா. வீட்டில் காலைத் தட்டிப் பழகினால் கீழ்வீட்டார் சண்டைக்கு வருவார்கள். மூன்று வருடத்தில் மகளுக்கு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் சோதினையும் வருகிறது. எங்கே தொடங்குவது?

ஒரு தாய், கொழும்பு 6

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஒரு மாலையை வைத்து நாட்டம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. கொழும்பு அரங்கேற்றம் பெரியவர்களையே களைக்க வைப்பது. அழைப்பிதழில் 6 மணி என்றிருக்கும். விளக்கேற்றவே ஆறரை ஆகும். நடுவில் பிரதம விருந்தினர் உரை, குருவுக்கும் அணிசெய் கலைஞர்களுக்கும் பொன்னாடை. வர்ணம் மட்டுமே அரை மணித்தியாலத்தைத் தாண்டும். வராத தலைவனுக்காக ஏங்கும் நாயகியிடம் நாலரை வயதுப் பிள்ளைக்கு என்ன அலுவல்? உங்கள் மகன் அழுத இடம் சரியான இடம்தான்.

அடுத்த முறை ஓரக் கதிரையில் இருந்து வர்ணத்துக்கு முன் வரும் சின்ன ஆடல்களான அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம் மூன்றையும் பார்த்துவிட்டு, கைதட்டல் ஓயமுன் எழும்பி வாருங்கள். அரை மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடும். அதை அவமரியாதையாக யாரும் எடுக்கமாட்டார்கள், ஓர் உருப்படி, அதாவது ஒரு தனி ஆடல், நடக்கையில் எழும்பினால்தான் பிழை. முதல் நாளே வீட்டுக் கண்ணாடியின் முன் ஒரு விளையாட்டு விளையாடலாம்: தலையைச் சரிக்காமல் கழுத்தை மட்டும் இரு பக்கமும் நகர்த்துவது. பெரும்பாலும் தோள்தான் ஆடும், கழுத்து அசையாது. செய்து தோற்ற பிள்ளை அலாரிப்பில் ஆடுபவரின் கழுத்தை விட்டுக் கண்ணெடுக்காது.

பாட்டுக் கச்சேரியில் இதற்கு நேர்மாறு, பிந்திப் போகவேண்டும். பிள்ளைகளுக்குப் பிடித்தது மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனமும் அதற்குப் பின் வரும் சின்ன உருப்படிகளும்தான். மிருதங்கக்காரர் வழக்கமாகப் பாடகரின் வலப்பக்கம் இருப்பார். ஆகவே மேடையைப் பார்த்தபடி இடப்பக்கக் கதிரைகளைப் பிடித்தால் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்கள் ஓடுவது நேராகத் தெரியும். கச்சேரி முடிந்ததும் மேடையருகே போய் நில்லுங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒட்டியிருக்கும் ரவைப் பசையைச் சுரண்டி எடுப்பதைப் பிள்ளை பார்க்கட்டும். ரொட்டிக்குக் குழைக்கும் ரவை ஏன் அங்கே போனது என்று கேட்கும். அந்தப் பாரம் இருந்தால்தான் இடப்பக்கம் கும்மென்று தாழ்ந்து ஒலிக்கும் என்று சொல்லுங்கள்.

மண்டபத்தையும் விட நல்ல பள்ளிக்கூடம் கோயில் வீதிதான். பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ திருவிழா நாளில் சுவாமி வெளிவீதி வரும்போது போங்கள். பிள்ளை நிற்கலாம், நடக்கலாம், கடலை தின்னலாம், ரிக்கற்றும் இல்லை. தவிலுக்கு முன்னால் மட்டும் கொண்டுபோய் நிறுத்தவேண்டாம், சின்னக் காது தாங்காது. பதினைந்து இருபது அடி தள்ளி, தவில்காரர் வலக்கை விரல்களில் போட்டிருக்கும் கூடும் இடக்கைக் கழியும் தெரிகிற பக்கமாக நில்லுங்கள். சுவாமி புறப்படும்போது நாதஸ்வரத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு இசையை வாசிப்பார்கள், இராகம் கம்பீர நாட்டை. மகள் பாடசாலையில் படித்திருக்கக்கூடிய 'தோடுடைய செவியன்' தேவாரத்தின் பண் (பழைய தமிழ் இராகம்) நட்டபாடை. அதை இப்போது பாடுவதும் அதே கம்பீர நாட்டையில்தான். வீட்டுக்கு வந்து அந்த முதல் வரியை ஒருமுறை பாடிக்காட்டுங்கள். "கோயிலில் வாசிச்சதுபோல கிடக்கு" என்று பிள்ளையே சொன்னால் இராகம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நாலரை வயதுக்கு வகுப்பு வேண்டாம். கை போதும். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை: தொடையில் ஒரு தட்டு, பிறகு சின்னி விரல், மோதிர விரல், நடுவிரல், அப்புறம் தட்டி வீச்சு, தட்டி வீச்சு. பிள்ளைகள் பிழைவிடுவது பெரும்பாலும் 6 இலும் 8 இலும். வீச்சில் சத்தம் இல்லாததால் அதை விழுங்கிவிட்டு அடுத்த தட்டுக்குப் பாய்வார்கள். அந்த இரண்டு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் ஒழுங்குக்கு வரும். காலி வீதி நெரிசலில் பஸ்ஸுக்குள் இருக்கிற நேரம் இதற்கு நன்றாகவே பொருந்தும்.

மகளை நடனத்துக்குச் சேர்க்கலாம், வயது சரி. ரீச்சரைத் தெரிவு செய்யுமுன் ஒரு வகுப்பைக் கடைசிவரை இருந்து பாருங்கள். பார்க்கவேண்டியது அரைமண்டி, அதாவது முழங்காலை மடித்து அரைவாசி தாழ்ந்து நிற்கும் நிலை. முழங்கால் பாத விரல்களுக்கு நேர் மேலே திறக்கவேண்டும், அந்தத் திறப்பு இடுப்பிலிருந்து வரவேண்டும். அவசரப்படுத்தினால் பிள்ளை பாதத்தை மட்டும் வெளியே திருப்பும், முழங்கால் உள்ளே சரியும், சில மாதத்தில் முழங்கால் நோகிறது என்று வந்து நிற்கும். ரீச்சர் அதைக் கண்டு, "இவ்வளவு தாழ வேண்டாம், கொஞ்சம் எழும்பு" என்று சொல்கிறாரா? அப்படியானால் அங்கே சேருங்கள். காலால் தட்டும் அடிப்படை அடவான தட்டடவில் உள்ளங்கால் முழுவதும் ஒன்றாக விழவேண்டும். குதிக்கால் முந்தினால் மாபிள் தரையில் கெதியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாட்டுக்கு ஆசிரியர் தேடினால் முதற்கேள்வி சுருதி, அதாவது பாட்டு நிற்கும் ஆதார ஒலி. அதன் உயரத்தைக் கட்டை என்று கணக்கிடுவார்கள். இந்த வயதில் ஐந்து கட்டையை ஒட்டித்தான் பிள்ளைக் குரல் சுகமாக நிற்கும். ஆண் ஆசிரியர் தன் 1 கட்டையிலேயே சொல்லிக்கொடுத்தால் பிள்ளை கீழே உறுமும், மேலே கத்தும். முதற்பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை இராகத்தில் தொடங்குகிறது. அதில் ரிஷபம் (ரி) சட்ஜத்துக்கு (ஸ) பக்கத்திலேயே இருக்கும். வீட்டில் கீபோர்ட்டில் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக அடித்துப் பழகிய காதுக்கு அந்த ரி நழுவி மேலே போய்விடும். கீபோர்ட்டை அலுமாரியில் வைத்துவிட்டுக் கைபேசியில் சுருதிப்பெட்டியை ஓடவிடுங்கள், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்.

கீழ்வீட்டாரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நுரைப்பாய் விரிப்பது தீர்வல்ல. பாதம் புதைந்து கணுக்கால் புரளும், சத்தம் வராததால் பிள்ளை இன்னும் பலமாகத் தட்டும். தட்டும் பயிற்சி பின்னேரம் 6 மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் என்று போய்ச் சொல்லிவிடுங்கள். நேரம் தெரிந்த சத்தத்தைச் சகிப்பது லேசு. மிச்சத்தைத் தட்டாமலே பழகலாம்: 'தெய்யா தெய்' போன்ற சொற்கட்டைத் தாளத்தோடு சொல்வது, அரைமண்டியில் கையைத் தோளுக்கு நேரே நீட்டும் நாட்டியாரம்பத்தில் பிடித்து ஆதி தாளத்தின் இரண்டு ஆவர்த்தனம் (சுற்று) அசையாமல் நிற்பது. அந்த 16 எண்ணிக்கை ஒரு பாட்டம் தட்டுவதைவிடக் கடினம். முழங்கை தொய்யாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

புலமைப்பரிசில் வருகிறபோது என்ன நடக்குமென்று தெரிந்ததே. நான்காம் தரத்தில் ரியூசன் கூடும், நடனம் நிற்கும், சோதினை முடிந்து திரும்பி வருகையில் உடம்பு இறுகியிருக்கும், கூடப் படித்தவர்கள் வெகுதூரம் போயிருப்பார்கள். பிள்ளை வெட்கத்தில் விட்டுவிடும். முழுதாக நிறுத்தாமல் கிழமைக்கு ஒரு வகுப்பு என்று குறையுங்கள். புது உருப்படி வேண்டாம், அடவுகள் மட்டும் போதும் என்று ரீச்சரிடம் இப்போதே பேசிவையுங்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் நடன, இசைத் தரப் பரீட்சைகளுக்கும் இந்த வருடங்களில் அவசரப்படவேண்டாம். பரீட்சை உருப்படியை மட்டும் உருப்போட்ட பிள்ளை அதற்கு வெளியே ஒரு ஜதிக்கு (தாளச் சொற்கோவைக்கு) தடுமாறுவதைக் கொழும்பில் எந்த ரீச்சரும் சொல்வார்.

மாமியின் ஆசையையும் கெடுக்கவேண்டாம். விஜயதசமியன்று இரண்டு பேரையும் கூட்டிப்போய்த் தட்டம் வைத்துத் தொடக்கிவிடுங்கள். அடுத்த கிழமையிலிருந்து மகள் வகுப்புக்கு, மகன் மாமியோடு கோயிலுக்கு.