வாசகர் கேள்வி–பதில்: கம்பெனி அலாயா, கடை அலாயா?

கேள்வி: என்னுடையது ஸ்விஃப்ட் அடிப்படை மாடல். 165/80 ஆர்14 டயர், இரும்பு வீல். 15 இஞ்ச் அலாய் வீல் போட ஆசை. ஷோரூம் விலைக்கும் ஜி.பி. ரோடு கடை விலைக்கும் நிறைய வித்தியாசம். "ரெண்டும் ஒரே இடத்துச் சரக்குதான்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பாதி உண்மை. கார் கம்பெனிகள் பெரும்பாலும் வீலைத் தாங்களே செய்வதில்லை. பாடியில் இருக்கும் வீல்ஸ் இந்தியா கார்களுக்கு இரும்பு வீல் செய்து கொடுப்பது நம் பக்கத்தில் தெரிந்த விஷயம். ஆனால் ஷோரூம் அலாய், அந்த மாடலின் ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி), பேரிங், பிரேக்குக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது. கடையில் வாங்கினால் அதை நீங்களே பார்த்தாக வேண்டும்.

முதலில் டயர். உங்கள் டயரின் மொத்த விட்டம் 619.6 மி.மீ. ஸ்விஃப்ட் உயர் மாடல்களில் வரும் 185/65 ஆர்15 போட்டால் 621.5. இரண்டு மி.மீ. வித்தியாசம் ஒன்றுமே இல்லை. "அகலமா இருந்தா கெத்து" என்று 205/65 ஆர்15 மாட்டினால் 647.5 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-க்கு மேல் ஓடும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் ஃபெண்டரில் உரசலாம்.

அடுத்து வீல். போல்ட் அமைப்பு 4x100 (100 மி.மீ. வட்டத்தில் நாலு போல்ட்), நடு ஓட்டை 54.1 மி.மீ. பொது அலாய்களில் நடு ஓட்டை பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடாமல் மாட்டினால், பேலன்ஸ் செய்த பிறகும் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். ஆஃப்செட் (வீலின் மையக்கோட்டுக்கும் அது ஹப்பில் உட்காரும் பரப்புக்கும் உள்ள தூரம்) குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், பேரிங் சீக்கிரம் இரைய ஆரம்பிக்கும். வீலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லையென்றால் வாங்கவே வாங்காதீர்கள். கன்டெய்னர் லாரி ஓடி ஓடிக் குழியான எண்ணூர் விரைவுச் சாலையில் மட்ட அலாய் விரிசல் விடும். பழைய நட்டுகளை டிக்கியில் வையுங்கள். ஸ்டெப்னி இரும்பு வீல், அலாய் நட்டு அதில் சரியாக உட்காராமல் போகலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்தை மீறிய மாற்றத்தைத் தடுக்கிறது. மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. அதே மாடலுக்குக் கம்பெனியே தரும் அளவோடு நின்றுகொள்வது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

கேள்வி: ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்ட வயரை வெட்டணும் என்கிறார்களே?
— வாசகர், எண்ணூர்

பதில்: வெட்ட விடாதீர்கள். உங்கள் மாடலுக்கான கப்ளர் (வயரை வெட்டாமல் செருகும் இணைப்பு) கேட்டு வாங்குங்கள். வெட்டி டேப் சுற்றிய இணைப்பு உப்புக் காற்றில் பச்சை பூத்துச் சூடாகும்; எலக்ட்ரிக்கல் வாரண்டியும் போகும். ஆம்ப்ளிஃபையர் வைத்தால் பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்கு ஒரு அடிக்குள் ஃபியூஸ்.

கேள்வி: கார் கம்பெனியும் வெளிக் கம்பெனியும் சேர்ந்து வேலை செய்வது வெளிநாட்டில் மட்டும்தானா?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: அங்கே பழைய வழக்கம். பிஎம்டபிள்யூ கார்களை மெருகேற்றிய ஆல்பினா, 1983-இல் ஜெர்மனியில் தனித் தயாரிப்பாளராகவே பதிவானது. 1967-இல் தொடங்கிய ஏஎம்ஜி, 1990-இல் மெர்சிடிஸோடு ஒப்பந்தம் போட்டது. அமெரிக்காவில் சேமா என்ற உதிரிபாகத் துறைச் சங்கத்தின் வழியாக, கார் கம்பெனிகள் முப்பரிமாண அளவுகளை உறுப்பினர்களுக்குக் கொடுக்கின்றன. வெளிக் கம்பெனி பாகத்தில் ஓட்டை சரியான இடத்தில் விழுவதற்கு அதுதான் காரணம்.

இங்கேயும் உண்டு. எண்ணூர் அசோக் லேலண்ட் லாரி, பஸ் சேஸியை (அடிச்சட்டத்தை) விற்கும், பாடி கட்டுவது வேறொருவர். சேஸியின் மேல், கீழ் விளிம்பில் துளை போடக் கூடாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கப்ளரையும் கழற்ற வேண்டும். இதைச் செய்யாத பட்டறையில் ஈசியூ எரிந்துபோகலாம்.

கேள்வி: சைடு ஏர்பேக் உள்ள காருக்கு சீட் கவர் போடலாமா?
— வாசகர், வியாசர்பாடி

பதில்: ஏர்பேக் சீட்டுக்கென்று தைத்த கவர் மட்டும். சீட்டின் கதவுப் பக்க ஓரத்தில் ஏர்பேக் என்ற சின்னத் துணிப்பட்டை இருக்கும். அந்த இடத்தில் கவரின் தையல் எளிதில் பிரிகிற நூலால் இருக்க வேண்டும். இடது கவரை வலதில் மாட்டினால் அந்தத் தையல் எதிர்ப்பக்கம் போய்விடும், பை விரியாது. சீட்டுக்கு அடியில் ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளர் தெரிந்தால் மெக்கானிக் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் சாவியைப் போட்டுப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு சில நொடியில் அணையாவிட்டால் கடையை விட்டு வண்டியை எடுக்காதீர்கள்.