'ஒன்றும் வரவில்லை அங்கிள்': இமெயில் இணைப்பு பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் வாங்கிய ஃபிரிட்ஜ் குளிர்வதே இல்லை. கடையில் கேட்டதற்கு ரசீதையும் படங்களையும் இமெயிலில் அனுப்பச் சொன்னார்கள். பேரன் சொல்லிக்கொடுத்தபடி 12 படங்கள் அனுப்பினேன். 'ஒன்றும் வரவில்லை அங்கிள்' என்கிறார்கள். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்களா?
(செந்தூல் வாசகர்)

பதில்: இருக்கலாம். ஆனால் சண்டைக்குப் போகுமுன் நம் பக்கம் சரியா என்று பார்த்துவிடுவோம்.

அனுப்பிய மடல்கள் கிடக்கும் 'சென்ட்' பகுதியைத் திறங்கள். உங்கள் மடல் அங்கே இல்லாமல் 'அவுட்பாக்ஸ்' பகுதியில் இருந்தால், அது இன்னும் உங்கள் கைப்பேசியை விட்டே கிளம்பவில்லை. 'சென்ட்' பகுதியில் இருந்தால் அதைத் திறந்து, எழுத்துக்குக் கீழே படங்கள் வரிசையாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். 'இத்துடன் இணைத்துள்ளேன்' என்று பணிவாக எழுதிவிட்டு இணைக்க மறப்பது புதிதாகப் பழகுபவர்கள் மட்டும் செய்யும் தவறல்ல, நானும் செய்திருக்கிறேன். அதனால் இப்போதெல்லாம் முதலில் பேப்பர் கிளிப் குறியைத் தொட்டுக் கோப்பைச் சேர்ப்பேன், அப்புறம் எழுதுவேன், முகவரியைக் கடைசியில்தான் போடுவேன். முகவரி இல்லாத மடல் தவறியும் போகாது.

உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் அந்த 12 படங்கள் மேல்தான். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் 4 எம்பி (மெகாபைட், அதாவது கோப்பின் அளவு) இருக்கும் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 48 எம்பி. ஜிமெயிலில் ஒரு மடலுக்கு 25 எம்பிதான் எல்லை. அதைத் தாண்டினால் படங்கள் கூகுளின் இணையச் சேமிப்பிடமான கூகுள் டிரைவுக்குப் போய்விடும்; மடலில் ஒரு லிங்க் மட்டும் போகும். நீங்கள் அனுமதி தராவிட்டால் அந்த லிங்கைத் தொடும் கடைப் பணியாளருக்குப் படம் வராது, 'அனுமதி கேளுங்கள்' என்ற பக்கம்தான் வரும். அவர் எங்கே கேட்கப் போகிறார், அடுத்த மடலுக்குப் போய்விடுவார்.

25 எம்பி என்பதையும் முழுதாக நம்பவேண்டாம். இமெயில் எழுத்துகளைச் சுமக்கப் பிறந்தது. படத்தையும் எழுத்துகளாக மாற்றித்தான் எடுத்துச்செல்லும், அப்படி மாற்றும்போது அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். உங்கள் கையில் 18 எம்பி இருப்பது வழியில் 24 எம்பி. மொத்தம் 15 எம்பிக்குள் வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை.

அதோடு, ஃபிரிட்ஜுக்கு 12 படம் எதற்கு? ரசீது ஒன்று, சீரியல் எண் உள்ள ஸ்டிக்கர் ஒன்று, பழுது தெரியும்படி ஒன்று. மூன்று போதும். ஐபோன் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அது படங்களை 'ஹெச்இஐசி' என்ற வகையில் சேமிக்கும். கடையின் பழைய கணினி அதைத் திறக்காமல் போகலாம். செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்துவிட்டு, அந்த மூன்று படங்களையும் புதிதாக எடுத்து அனுப்புங்கள்.

இனிமேல் எது வாங்கினாலும் ரசீதை அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். கடைகளில் தரும் வழுவழுப்பான தாளில் வெப்பத்தால் அச்சிடுகிறார்கள். நாளாக ஆக எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடலாம்.

ஒழுங்காக அனுப்பியும் கடை அசையவில்லை என்றால், 'சென்ட்' பகுதியில் இருக்கும் அந்த மடல்தான் உங்கள் கையில் உள்ள சாட்சி. தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்கும். அழித்துவிடாதீர்கள். மலேசியாவின் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், அதாவது மலாயில் 'திரிபுனல் துந்துத்தான் பெங்குனா'வில், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை 5 வெள்ளி கட்டணத்தில் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும்.

கேள்வி: 'இன்வாய்ஸ்' என்று ஒரு இணைப்பு வந்திருக்கிறது. நான் எதுவும் வாங்கவில்லை. திறக்கப் பாஸ்வேர்டு வேண்டுமாம். அதையும் மடலிலேயே கொடுத்திருக்கிறார்கள். திறக்கலாமா?
(பட்டர்வொர்த் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. பூட்டையும் போட்டுச் சாவியையும் அதன் மேலேயே ஒட்டி அனுப்புவது எதற்காக? பூட்டிய கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று இமெயில் நிறுவனத்தின் வைரஸ் சோதனையால் பார்க்க முடியாது, அதற்காகத்தான். வங்கிகளும் கணக்கு அறிக்கையைப் பூட்டித்தான் அனுப்பும். ஆனால் பாஸ்வேர்டை அதே மடலில் தருவதில்லை. உங்களுக்கு மட்டும் தெரிந்த எண்களைப் போடச் சொல்வார்கள்.

கோப்பின் பெயரைவிட அதன் வாலைப் பாருங்கள். 'பிடிஎஃப்', 'ஜேபிஜி' என்று முடிந்தால் ஆவணம் அல்லது படம். 'இஎக்ஸ்இ', 'விபிஎஸ்', 'ஏபிகே' என்று முடிந்தால் அது ஓடும் நிரல். 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகத்தையே ஆட்டிவைத்த 'ஐ லவ் யூ' வைரஸ் ஒரு காதல் கடிதமாகத்தான் வந்தது. பெயர் சாதாரண எழுத்துக் கோப்புபோல 'டிஎக்ஸ்டி' என்று முடிவதாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் 'விபிஎஸ்' என்ற நிஜ வாலை விண்டோஸ் மறைத்துவிட்டது. இன்றும் விண்டோஸ் அப்படித்தான் மறைக்கிறது. விண்டோஸ் 11இல் கோப்புகள் தெரியும் சன்னலில் 'வியூ', 'ஷோ', அப்புறம் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று தொட்டால் முழுப் பெயரும் தெரியும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் 'ஏபிகே'யை ஜிமெயில் தடுத்துவிடும். அதனால்தான் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் அது வாட்ஸ்அப்பில் வருகிறது. திறந்துவிட்டு, பணமும் போய்விட்டதென்றால் மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே வங்கிக்கும், மோசடிப் புகார் எண்ணான 997க்கும் போன் போடுங்கள்.

கேள்வி: மடலில் வந்த 'டாக்எக்ஸ்' என்ற வேர்டு கோப்பு திறக்கவில்லை. ஆஃபிஸ் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினால்தான் முடியும் என்கிறார் கணினிக் கடைக்காரர். உண்மையா?
(பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்)

பதில்: இல்லை. ஜிமெயிலில் அந்த இணைப்பைத் தொட்டாலே படிக்கலாம். திருத்தவேண்டுமானால் கூகுள் டாக்ஸ் இலவசம், லிப்ரே ஆஃபிஸும் இலவசம். உங்கள் காசு உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: வீட்டில் ஸ்கேனர் இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்க அடையாள அட்டையை ஃபோட்டோஸ்டாட் கடையில் ஸ்கேன் செய்து, அங்கிருந்தே அனுப்பினேன். பரவாயில்லையா?
(பாயான் பாரு வாசகி)

பதில்: கடைக் கணினியில் இமெயிலை விட்டு வெளியேறினீர்களா? அதைத்தான் எல்லாரும் செய்கிறோம். ஆனால் ஸ்கேன் செய்த கோப்பு அங்கேயே டெஸ்க்டாப்பில் கிடக்கும். உங்களுக்கு முன்னால் வந்த நாலு பேருடைய அட்டைகளும் பக்கத்தில் இருக்கும். கடைக்காரரிடம் சொல்லி அழித்துவிட்டு, குப்பைத் தொட்டியையும் காலிசெய்யச் சொல்லுங்கள். நகலின் குறுக்கே இரண்டு கோடு போட்டு, 'இன்ன வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று மலாயில் எழுதி, அதற்கப்புறம் ஸ்கேன் செய்யுங்கள். எழுத்து அட்டை எண்ணை மறைத்துவிடக்கூடாது. மறைத்தால் திரும்ப அனுப்பச் சொல்வார்கள்.