மட்டக்களப்பில் எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிடலாம்: கேள்வி பதில்

புளியந்தீவிலிருந்து கல்லடி வழியாகக் காத்தான்குடி வரைக்கும் உள்ள சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி என்னவும் கேளுங்கள். கனகாலம் இந்தக் கடைகளுக்குத் தயிரும் இறாலும் போட்டவன் நான். அதனால் முன்வாசலை விடப் பின்வாசல்தான் பழக்கம். ஒரு நிபந்தனை: கடைப் பெயர் சொல்லமாட்டேன். இங்கே சமையல்காரர் மாசத்துக்கு மாசம் கடை மாறுவார், பெயர்ப் பலகை அங்கேயே தொங்கும். எந்த நேரத்துக்குப் போக வேண்டும், போய் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

சுவிஸிலிருந்து ஒரு தங்கச்சி: ஆகஸ்ட்டில் பிள்ளைகளோடு ஊருக்கு வாறோம். டவுனில் பகல் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம், அண்ணன்?

பன்னிரண்டரைக்குப் போங்கள் தங்கச்சி. இங்கே சோறும் கறியும் ஒரு தரம்தான் சமைப்பார்கள். இரண்டு மணிக்குப் பிறகு போனால் சோறு இருக்கும், மீன் துண்டு இருக்காது. ஆணத்துக்கு, அதாவது குழம்புக்கு, சுடுதண்ணி ஊற்றி நீட்டியிருப்பார்கள். பருப்பு அடிப்பிடித்த வாசம் வரும். அதே கடையில் ஒரு மணித்தியாலம் முந்திச் சாப்பிட்டவர் கைவிரலை நக்கிக்கொண்டு போயிருப்பார்.

உள்ளே போனதும் இருக்க வேண்டாம். கறிச் சட்டிகள் இருக்கிற கண்ணாடிப் பெட்டியடிக்குப் போய்ப் பாருங்கள். திரளி மீனோ ஒட்டி மீனோ இருந்தால் அந்தக் கடைக்காரர் விடியச் சந்தைக்குப் போய் வந்திருக்கிறார் என்று அர்த்தம். நேற்றைய சூரையை இன்றைக்குப் பொரித்து வைத்திருந்தால் துண்டின் ஓரம் கறுத்து, நடு நார் நாராகப் பிரிந்து கிடக்கும். பிள்ளைகளுக்கு உறைப்புப் பிடிக்காது என்றால் சோற்றுக்குச் சொதியும் முட்டைப் பொரியலும் கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். உங்களுக்குப் புளியாணம் கிடைத்தால் விடாதீர்கள். கடைகளில் அது எப்போதாவதுதான் அகப்படும்.

வருகிற நாள் ஆடி அமாவாசையோடு முட்டினால் டவுனை மறந்துவிட்டு அமிர்தகழிக்குப் போங்கள். மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தன்று அன்னதானச் சோற்றோடு போட்டி போடுகிற கடை இந்த ஊரில் கிடையாது.

கொழும்பிலிருந்து ஒரு தம்பி: இரவு ரயிலில் வந்து விடியமுன் இறங்கினால் என்ன சாப்பிடலாம்?

ஸ்டேஷனுக்குள் நிற்காதே, பஸ் நிலையப் பக்கம் போ. இருட்டோடு அடுப்பு மூட்டுகிற கடைகள் அங்கேதான். பாலப்பம் சுடச்சுட வரும். ஓரம் முறுகி, நடுவில் பால் கொதிக்கும்போதே தட்டுக்கு வர வேண்டும். அடுக்கி மூடி வைத்த அப்பத்தை வாங்காதே, ஈரம் குடித்துச் சப்பென்று இருக்கும். மறுகா ஒரு பிளேன்ரீ.

அதே தம்பி: நான் ரீ மட்டும்தான் சொன்னேன். கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், கட்லட், வடை எல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். எல்லாத்துக்கும் காசா?

எடுத்ததற்கு மட்டும்தான் காசு. எழும்பும்போது எண்ணிப் பார்த்துக் கணக்குச் சொல்வார்கள். நீ தொடாத மிச்சம் அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். அதனால்தான் சொல்கிறேன், அந்தத் தட்டை வந்தவுடன் பார். ரோல்ஸின் மேலே தூள் மொறுமொறுப்பாக, தொட்டால் சுட்டால் எடு. ஆறி, எண்ணெய் கசிந்து, பக்கத்தில் விரல் தடம் இருந்தால் அது விடிய முதல் மேசை மேசையாகச் சுற்றுலா போய் வந்தது. எத்தனை பேர் அமுக்கிப் பார்த்தார்களோ. சூடாகப் புதுசு தரச் சொல்லு. கேட்க வெட்கப்படாதே.

லண்டனிலிருந்து: நல்ல நண்டு எங்கே கிடைக்கும்? எந்தக் கடை?

கடைப் பெயர் இல்லை என்று சொன்னேன். நண்டைப் பற்றிச் சொல்கிறேன்.

நம்முடைய வாவி 56 கிலோமீற்றர் நீளம். அதில் பிடிபடுகிற பெரிய சேற்று நண்டு இங்கே சட்டிக்கு வராது. உயிரோடு கால் கட்டிப் பெட்டியில் போட்டுக் கொழும்புக்கு அனுப்புவார்கள், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் போகும். இலங்கை நண்டு என்று உலகம் புகழ்வதை நாம் இங்கே எப்போதாவதுதான் ருசி பார்க்கிறோம். சின்னக் கடையில் கிடைப்பது நடுத்தர அளவு வாவி நண்டு, இல்லாவிட்டால் கடல் நண்டு. குறைவாக நினைக்க வேண்டாம். மிளகு தூக்கலாக அரைத்து, இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை போட்டால் போதும், சின்ன நண்டு பெரிய நண்டை வெல்லும்.

ஓடர் கொடுக்க முதல் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, விலை நிறைக்கா துண்டுக்கா. வெளியூர் ஆள் என்று தெரிந்தால் பில் வரும்போதுதான் நிறைக் கணக்குச் சொல்வார்கள், சண்டை பிடித்து வேலையில்லை. மற்றது, நண்டை முழுசாகக் காட்டச் சொல்லுங்கள். கையில் எடுத்தால் பாரமாக இருக்க வேண்டும், வயிற்றுப் பக்கம் அமத்தினால் உள்ளே போகக் கூடாது. நிலவு காலத்து நண்டில் சதை இல்லை என்று மீன்பிடிக்கிற ஆட்கள் சொல்வார்கள். நானும் பறுவத்தை, அதாவது பூரணையை, ஒட்டி நண்டு வாங்குவதில்லை.

காலமும் பாருங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் கடல் கொந்தளிக்கும், போட்டுகள் இறங்காது. அந்த நாளில் எந்தக் கடை மீனும் விலையும் கூட, பழசும் கூட. சித்திரையிலிருந்து புரட்டாதி வரைக்கும் கிழக்குக் கடல் அமைதி. வெளியூரில் இருந்து வருகிற ஆட்கள் நத்தாருக்கு வந்து இறங்கி, மீன் சரியில்லை என்று குறை சொல்வார்கள். என்ன செய்ய.

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஓர் அக்கா: நான் சைவம். மகன் கொத்து ரொட்டி வேணும் என்று அடம்பிடிக்கிறான். மரக்கறிக் கொத்து நம்பலாமா?

அக்கா, நம்ப வேண்டாம். மரக்கறிக் கொத்து என்று சொன்னாலும் ரொட்டியைக் கொத்துவது அதே தகட்டில், அதே இரண்டு இரும்பால். முந்தின ஓடர் மாட்டுக்கொத்து என்றால் அந்தக் கொழுப்பு தகட்டில் இருக்கும், துணியால் ஒரு இழுவை இழுத்துவிட்டு உங்கள் ரொட்டியைப் போடுவார்கள். கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது, இரவு எட்டு மணிக் கூட்டத்தில் தகடு கழுவ அவருக்கு நேரமில்லை. டவுனில் சைவக் கடைகளிலேயே சிலவற்றில் பின்னேரம் கொத்து அடிக்கிறார்கள். அங்கே கூட்டிப் போங்கள். முட்டை வேண்டாம் என்றால் அங்கும் முதலிலேயே சொல்லுங்கள்.

காத்தான்குடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணன், டவுன், டவுன் என்றே சொல்றீங்க. கொத்துக்கு எங்கட ஊரை விட்டால் எங்க இருக்கு?

சரி தம்பி, உண்மைதான். ராவில் காத்தான்குடிப் பிரதான வீதியில் அந்தப் பேரீச்சை மரங்களுக்குக் கீழே நடந்தாலே காதுக்குள் டக் டக் என்று கேட்கும். இஷாத் தொழுகைக்குப் பிறகு போவதுதான் சரி. ஏழு மணிக்குப் போனால் தகடு சூடேறியிருக்காது, ரொட்டி எண்ணெயைக் குடித்துக்கொண்டு கிடக்கும்.

திருகோணமலையிலிருந்து: கொத்து பிறந்ததே எங்கள் ஊரில். மட்டக்களப்பார் பிறகுதான் பழகினார்கள்.

இது வரும் என்று தெரியும்.

மதுரையிலிருந்து: எங்க ஊர்ல தெருவுக்குத் தெரு கொத்து பரோட்டா இருக்கே, அதையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

சேர்க்கமாட்டேன் ஐயா. உங்கள் பரோட்டா சால்னாவில் மெதுவாக உதிர்ந்து கிடக்கும், நல்ல சாப்பாடுதான், ஆனால் வேறு சாமான். எங்கள் கொத்து மெல்லிசாக வீசின ரொட்டி. கோவா, லீக்ஸ், கரட், முட்டை எல்லாம் தகட்டிலேயே வெந்து, கடைசியில்தான் ஆணம் விழும்.

காத்தான்குடித் தம்பி மறுபடியும்: திருகோணமலைக்காரருக்குப் பதில் சொல்லுங்க அண்ணன், விட்டுடாதீங்க!

சொல்கிறேன். 1960, 70களில் கிழக்கு மாகாணத்தில் கொத்து தொடங்கியது என்று பலரும் எழுதுகிறார்கள். அதில் மட்டக்களப்புக் கட்சி ஒன்று, திருகோணமலைக் கட்சி ஒன்று. இன்ன கடையில் இன்ன நாள் முதல் கொத்து அடித்தார்கள் என்று காட்டுகிற கடதாசி ஒருவரிடமும் இல்லை. நான் மட்டக்களப்புக் கட்சி, மறைக்கவில்லை. என் காரணம் பின்வாசல் காரணம். ராவில் கடையில் மிஞ்சுவது என்ன? விறைத்துப்போன ரொட்டி, சட்டி அடியில் ஒள்ளுப்பம் ஆணம், துண்டாகப் பரிமாற முடியாத இறைச்சித் தூள். மூன்றையும் வீசாமல் காசாக்க வேண்டும், பிந்தி வருகிற லொறிக்காரருக்கும் மில் வேலைக்காரருக்கும் வயிறு நிறைய வேண்டும். இரண்டு ரொட்டியைத் தனியே வைத்தால் பசி ஆறாது, வெட்டிக் கலந்தால் கோப்பை நிறையும். இரவு முழுக்க லொறி ஓடுகிற ஊர், ரொட்டிக் கடையும் இறைச்சிக் கடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊர் எதுவோ அங்கே கொத்து தானாகவே பிறந்திருக்கும். நம்முடைய கல்முனை வீதி அப்படியான வீதி.

திருகோணமலை: துறைமுகத்தில் இரவு வேலை செய்தவர்கள் சாப்பிடவில்லையா? உங்கள் காரணமே எங்களுக்கும் பொருந்துகிறதே!

பொருந்தும், துறைமுகம் நல்ல கேள்வி. ஆனால் உங்கள் ஊரில் கொத்துக்குத் தொட்டுக்கொள்ள ஆணத்தைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறார்கள். மிச்ச ஆணத்தைத் தீர்க்கப் பிறந்த சாப்பாட்டுக்கு ஏன் தனிக் கிண்ணம்? உள்ளே ஊற்றி அடிக்கிறதுதான் மூலம்.

சாய்ந்தமருதுவிலிருந்து: அண்ணன், நாங்களும் கிண்ணத்தில்தான் கேட்கிறோம்...

ஐயோ. எல்லாரும் கிண்ணத்தில் குடியுங்கள். இதோடு கொத்துப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் முடிந்தது. டவுன் கடைக்கு ரொட்டி வீசுவது காத்தான்குடிப் பொடியன், காத்தான்குடிக் கடைக்குத் தயிர் கொண்டு போனது நான். தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி இருக்கிற இடத்தில் எது யாருடையது என்று வரிசை பிரிக்க எனக்கு ஏலாது.

ஒரு பிள்ளை: டொல்பின் கொத்தில் டொல்பின் இருக்கிறதா?

இல்லை மகள்.

கண்டியிலிருந்து: வெள்ளிக்கிழமை பகல் காத்தான்குடிக்குப் போகிறோம். எந்தக் கடை நல்லது?

ஜும்மாத் தொழுகை நேரம் எல்லாம் பூட்டு. இரண்டு மணிக்குப் பிறகு போங்கள். நோன்பு மாசம் என்றால் பகலில் போகவே வேண்டாம், நோன்பு திறந்த பிறகு போனால் வீதி முழுக்கச் சமூசாவும் சர்பத்தும். பியர் கிடைக்குமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். காத்தான்குடியில் கிடைக்காது, கேட்கவும் வேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து: அம்பாறை டவுனில் எங்கே சாப்பிடலாம்? அறுகம்பையில்?

நான் தயிர் போட்ட பாதை கல்முனையோடு முடிகிறது. அம்பாறைக்கு அங்கே வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். அறுகம்பையில் அலைச் சறுக்குக்கு ஆள் வருகிற சித்திரை முதல் ஐப்பசி வரைக்கும் விலை வெளிநாட்டாருக்கு ஏற்ற விலை. பொத்துவில் சந்தைப் பக்கம் போனால் அதே மீன் பாதி விலைக்கு வரும்.

நீர்கொழும்பிலிருந்து: கல்லடிக் கடற்கரையில் இறால் வடை நல்லதாம், எந்தக் கடை?

வண்டிக்காரருக்கு ஏது பெயர்ப் பலகை. எண்ணெயின் நிறம் பாருங்கள். கருந்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் அடுத்த வண்டிக்கு நடங்கள்.

வேறொருவர்: சரி அண்ணன், கடைப் பெயரை விடுங்கள். மட்டக்களப்பில் ஒரே ஒரு நல்ல கடை மட்டும் சொல்லுங்கள்.

மேலே வாசியுங்கள்.

வந்தாறுமூலையிலிருந்து ஒரு மாணவர்: சேர், சாப்பாட்டுக் கடைகளில் தருகிற தயிர் உண்மையான எருமைத் தயிரா?

இதைத்தான் முதலாவதாகக் கேட்டிருக்க வேண்டும் தம்பி. எருமைப் பாலில் கொழுப்பு ஏழு வீதத்துக்கு மேலே, பசும்பாலில் நாலு வீதம் சொச்சம். அதனால் எருமைத் தயிர் வெள்ளை வெளேரென்று இருக்கும், மேலே ஏடு கரண்டியால் பெயர்த்தால் தகடாக வரும். மஞ்சள் சாயல் அடித்தால் பசு. வெட்டினால் ஜெலி மாதிரி வழுவழுப்பாக, ஓரம் கூராக நின்று, ஒரு சொட்டுத் தண்ணியும் விடாவிட்டால் எதையோ கலந்து இறுக்கியிருக்கிறார்கள்.

மண்சட்டியில் உறைந்ததையே வாங்கு. மண்ணின் துளை தயிர்த் தண்ணியைக் குடிக்கும், அதனால் தானாகவே இறுகும். சட்டியின் அடி ஈரமாகக் கசிந்திருந்தால் நல்ல அடையாளம். பிளாஸ்டிக் வாளியில் உறையவைத்து, கேட்டவுடன் சட்டிக்கு மாற்றித் தருகிற கடையும் உண்டு. கரண்டி போட்ட இடத்தில் மேற்பரப்பு உடைந்து குழம்பியிருந்தால் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். மாரி மழைக்குப் பிறகு புல் முளைத்த காலத்தில்தான் பால் கூட. வயல் விதைத்தால் மாடுகளை மேய்ச்சலுக்கு மேற்கே ஓட்டிப்போக வேண்டும். மயிலத்தமடு, மாதவணையில் அந்த மேய்ச்சல் தரையை அத்துமீறிப் பயிர் செய்கிறார்கள் என்று பண்ணையாளர்கள் ரோட்டில் இருந்து போராடினது உனக்குத் தெரியும். மேயத் தரை இல்லாத மாட்டிலிருந்து பால் வராது. கடைகளில் தயிர்ச் சட்டி குறைந்து வாளி கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, தெகிவளையிலிருந்து ஓர் அம்மா: நாலு சட்டித் தயிர் கொழும்புக்குக் கொண்டு போக வேண்டும், பழுதாகாமல் எப்படி?

அன்றைக்கு உறைந்ததைப் பின்னேரம் வாங்கி, இரவு பஸ்ஸில் போங்கள். ஏழெட்டு மணித்தியாலம் தாங்கும். முழுசாக உறையாததை வாங்கினால் ஆட்டத்தில் பிரிந்து தண்ணியாகிவிடும், அதனால் சட்டியை லேசாகச் சரித்துப் பாருங்கள், அசையக் கூடாது. வாயை வாழையிலையால் மூடி மேலே கடதாசி கட்டித் தருவார்கள், பொலித்தீன் கட்ட விடாதீர்கள், வேர்த்துப் புளிக்கும். இரண்டிரண்டாக அடுக்கி நடுவில் வைக்கோல் வையுங்கள். பஸ்ஸில் மேல் தட்டில் ஏற்றக் கொண்டக்டர் கேட்பார், கொடுக்க வேண்டாம், காலடியில் வையுங்கள். ஹபரணை தாண்டும் வரைக்கும் கண் அதிலேயே இருக்கட்டும்.