பிரிந்த பிறகும் அவர் பின்தொடர்கிறார். ஆனால் அடித்ததில்லை, மிரட்டியதில்லை. இதைத் தொல்லை என்று சொல்லலாமா?

சொல்லலாம். உறவு முடிந்து மூன்று மாதமாகியும் அலுவலக வாசலில் நிற்கிறார், புதுப்புது எண்களிலிருந்து அழைக்கிறார், இருந்தும் ‘கை நீட்டியதில்லையே’ என்று தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டு இதே தயக்கத்தில் நான்கு மாதங்களைக் கழித்தவள் என்பதால் பதில் எழுதுகிறேன்.

நான் பல்லாவரத்திலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்டுப் பழக்கத்தை நான் முடித்துக்கொண்ட பிறகு, அவர் ஒரு நாள் பல்லாவரம் நடைமேடையில் நின்றார். இன்னொரு நாள் தெருமுனை டீக்கடையில். பிறகு நான் ஏறிய வண்டியிலேயே ஏறி எழும்பூரில் இறங்கினார். ஒவ்வொன்றையும் தனியே எடுத்துச் சொன்னால் ‘பொது இடம்தானே, யாரும் நிற்கலாமே’ என்றுதான் கேட்பவர் சொல்வார். பழகிய நாளிலேயே என் கைப்பேசியின் கடவுச்சொல்லை அவர் வாங்கி வைத்திருந்தார், நான் இருக்கும் இடம் எப்போதும் அவருக்குத் தெரிய வேண்டும் என்றார். அதை அக்கறை என்று நானே தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

சட்டம் இதில் உங்களைவிடத் தெளிவாக இருக்கிறது. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், தொடர்புகொள்ள முயல்வதும், அவளது இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் 2013 முதலே தனிக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் இருக்கிறது. அடித்திருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. இந்த மத்தியச் சட்டப்படி முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரையிலும், மறுபடி செய்தால் ஐந்து ஆண்டு வரையிலும் சிறை. ஆனால் முதல் முறை ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதால், புகார் கொடுத்த அன்றே அவர் வெளியே வந்துவிடக்கூடும் என்று கருதி, அந்த வாரம் எங்கே தங்குவது, யாரோடு போய் வருவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

‘விருப்பமில்லை’ என்பதை ஒரே ஒரு முறை, எழுத்தில், காரணம் சொல்லாமல் அனுப்புங்கள். அதற்குப் பின் பதிலே வேண்டாம். நாற்பது அழைப்புகளுக்குப் பிறகு ஒரு முறை எடுத்துத் திட்டினால்கூட, நாற்பது முறை அழைத்தால் எடுப்பாள் என்பதுதான் அவர் மனத்தில் பதியும். அவர் எண்களைத் தடை செய்வதற்கு முன் எண்ணும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எதையும் அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களையும், கூகுள் கணக்கு எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்பதையும் இன்றே பாருங்கள். என் கணக்கு அவருடைய பழைய கைப்பேசியில் திறந்தே கிடந்தது.

‘கடைசியாக ஒரு முறை நேரில் பேசி முடித்துக்கொள்வோம்’ என்ற அழைப்புக்கு மட்டும் போகவே கூடாது. பிரிந்து வரும் காலம்தான் வன்முறை முற்றக்கூடிய காலம். 2016இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்திலும் 2022இல் பரங்கிமலையிலும் பெண்கள் கொல்லப்பட்டதை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. செத்துவிடுவேன் என்று மிரட்டினால் அவர் வீட்டாருக்கும் அவசர உதவி எண்ணான 112க்கும் தெரிவியுங்கள், நீங்கள் அவரிடம் ஓடாதீர்கள். கழுத்தை நெரித்திருந்தாலோ, ஆசிட், கத்தி என்ற பேச்சு வந்திருந்தாலோ ஆதாரம் சேர்த்துக்கொண்டிருக்காமல் உடனே 112ஐ அழையுங்கள். என் அண்ணன் நான்கு நண்பர்களோடு போய் ‘தட்டிவிட்டு வருகிறேன்’ என்று கிளம்பினான். வழக்கு அவன் மேல் திரும்பியிருக்கும் என்பதால் தடுத்தோம்.

வீட்டில் சொல்லத் தயங்குவதும் புரிகிறது. வேலையை நிறுத்திவிடுவார்கள், மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது, பாதி பலிக்கவும் செய்தது. அப்படியானால் முதலில் பெண்கள் உதவி எண்ணான 181ஐ அழைத்துப் பேசுங்கள்.

நான் முதலில் போன காவல் நிலையத்தில் ரைட்டர், “மேல கை வைக்கலையேம்மா, அப்புறம் எதுக்குக் கேஸு?” என்று திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறை அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு அக்காவோடு போனபோது, எங்கள் சமையலறையில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைச் சுருட்டி எடுத்துப் போனேன். பால் கணக்கும் சிலிண்டர் பதிந்த தேதியும் அம்மாவின் கையெழுத்தில் இருக்க, அவற்றின் இடுக்கில் ‘8.12 வண்டி, இரண்டாம் பெட்டி’, ‘டீக்கடை, இரவு 7.40’ என்று நான் குறித்திருந்தேன். பெண் உதவி ஆய்வாளர் ஒன்றும் கேட்காமல் பேனா முனையால் கட்டங்களை எண்ணினார். ஒரே மாதத்தில் பதினேழு. “இத முதல்லயே கொண்டு வந்திருக்கலாமே பாப்பா” என்று சொல்லிவிட்டுத்தான் புகாரை எழுதச் சொன்னார்.

நீங்களும் இப்படி நாள், நேரம், இடம், பார்த்த சாட்சி என்று எழுதிக்கொண்டு போங்கள். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை வேறு என்று மறுக்கக் கூடாது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்த்தால், முதல் தகவல் அறிக்கையையே கேளுங்கள். அதன் நகல் இலவசம். மறுத்தால் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்பலாம். ஒரே வீட்டில் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவும் பெற முடியும்.

அந்தக் காலண்டரின் நகலை வாங்கிக்கொண்டு மூலத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்கள், பீரோவில் இருக்கிறது. அதில் முதல் குறிப்பை நானே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ‘தற்செயலா வந்திருப்பான்’ என்று எழுதியிருக்கிறேன்.