கணினிப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனி வச்சிருக்கோம். ஆபீஸ்லயே மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்சேஞ்ச் 2016 மெயில் சர்வர் ஓடுது. அதுல பப்ளிக் ஃபோல்டர்ல (பல பேரு சேர்ந்து பார்க்கிற பொது ஃபோல்டர்) பையர் வாரியா வருஷக்கணக்குல மெயில் சேர்ந்து கிடக்கு, 300 ஜிபி தாண்டிருச்சு. மைக்ரோசாஃப்ட் 365 கிளவுட் மெயிலுக்கு மாத்தச் சொல்லி முதலாளி நிக்கிறாரு. வெண்டர் "ஒரு சனி ஞாயிறு போதும் சார்"ங்கிறாரு. நம்பலாமா?

பதில்: கடைசிக் கட்டத்துக்கு மட்டும் சனி ஞாயிறுன்னா நம்பலாம். மொத்தத்துக்கும்னா வேண்டாம். வெண்டர் போட்ட கணக்கு என்னன்னு எனக்குத் தெரியும்: 100 எம்பிபிஎஸ் லைன்னா செகண்டுக்கு 12.5 எம்பி, 300 ஜிபிக்கு ஏழு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரணும். பேப்பர்ல சரிதான். ஆனா மெயில் மாத்துறது சினிமா ஃபைல் காப்பி பண்ற மாதிரி இல்லீங்க, ஒவ்வொரு மெயிலையும் தனித்தனியா எடுத்து வைக்கணும், அந்தப் பக்கம் கிளவுட்காரனும் ஒரு அளவுக்கு மேல வேகம் விடமாட்டான், அதனால எத்தனை ஜிபிங்கிறதை விட எத்தனை மெயில், எத்தனை ஃபோல்டர்ங்கிறதுதான் நேரத்தைத் தின்னும்.

முதலாளி அவசரப்படுறது நியாயம்தான், எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ரெண்டு வெர்ஷனுக்கும் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிருச்சு. ஆனா காப்பியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி வேலை நிறைய இருக்கு.

மொதல்ல ஃபோல்டர் வாரியா சைஸ் லிஸ்ட் எடுங்க, அதுக்கு மைக்ரோசாஃப்ட்டே ஸ்கிரிப்ட் குடுக்குது. ஒரே ஃபோல்டர் 25 ஜிபிக்கு மேல இருந்தா பிரிங்க இல்லன்னா குறைங்கன்னு அவங்களே சொல்றாங்க. உங்க தொழில்ல சாம்பிள் ஃபோட்டோவும் டெக்பேக்கும் (டிசைன், அளவு விவரம் உள்ள ஃபைல்) வந்து குவியிற பெரிய பையர் ஃபோல்டர் ஒண்ணாவது இந்தக் கணக்குல மாட்டும். அடுத்தது பேரு. சீசன் பேரை "எஸ்எஸ்/22", "ஏடபிள்யூ/23"ன்னு சாய்வுக்கோடு போட்டு வச்சிருப்பீங்களே, அந்தக் கோடு எந்தப் பக்கம் சாஞ்சிருந்தாலும் ஆகாது, மைக்ரேஷன் (மெயிலை இடம் மாத்துற வேலை) அங்க நிக்கும். எல்லாத்தையும் ஹைஃபனா மாத்திருங்க.

அப்புறம்தான் நெஜமான தலைவலி, பர்மிஷன். எந்த மெர்ச்சண்டைசர் எந்த பையர் ஃபோல்டரைப் பார்க்கலாம்ங்கிறது இத்தனை வருஷமா யாரோ ஒருத்தர் சொல்லச் சொல்ல குடுத்தது, வேலையை விட்டுப் போனவங்க பேரெல்லாம் இன்னும் லிஸ்ட்ல உக்காந்திருக்கும், அந்த ஆளோட அக்கவுண்ட்டே இல்லாம வெறும் நம்பரா நிக்கிற என்ட்ரிதான் மைக்ரேஷன் ரிப்போர்ட்ல எர்ரர் எர்ரரா வந்து உயிரை எடுக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே கண்டுபிடிக்கவும் மைக்ரோசாஃப்ட்கிட்ட ஸ்கிரிப்ட் இருக்கு. ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு டிபார்ட்மென்ட் ஹெட் கையிலயும் குடுத்து "உன் ஃபோல்டரை யாரு பார்க்கணும்"னு எழுதி வாங்குங்க. ஐடி ஆளு தானா முடிவு பண்ற விஷயம் இல்ல இது. விலை பேசின மெயில் தப்பான கண்ணுல பட்டா பஞ்சாயத்து உங்ககிட்டதான் வரும்.

அப்படியே எல்லாமே பப்ளிக் ஃபோல்டராத்தான் இருக்கணுமான்னும் கேளுங்க. நாலு பேரு மட்டும் பார்க்கிற ஷிப்பிங் ஃபோல்டர்னா ஷேர்டு மெயில்பாக்ஸா மாத்திக்கலாம், 50 ஜிபி வரைக்கும் தனி லைசென்ஸ் வேணாம். பழசை அழிக்கணும்னு தோணுச்சுன்னா ஆடிட்டரைக் கேக்காம கை வைக்காதீங்க, பிரைவேட் லிமிடெட்னா கணக்குப் புத்தகத்தையும் அது சம்பந்தப்பட்ட பேப்பரையும் 8 நிதியாண்டுக்கு வச்சிருக்கணும்னு கம்பெனி சட்டம் சொல்லுது.

இதெல்லாம் முடிஞ்சா காப்பி சாதாரண விஷயம். பேட்ச் (காப்பி வேலை) ஓடிட்டு இருக்கும்போதே ஸ்டாஃப் பழைய ஃபோல்டர்ல வேலை பார்க்கலாம், புதுசா வந்ததை தினம் ஒருக்கா அதுவே இழுத்துக்கும். கடைசியா லாக் போட்டு முடிக்கிறப்ப மட்டும் யாராலயும் ஃபோல்டரைத் திறக்க முடியாது, ஃபோல்டர் அட்ரஸுக்கு வர்ற மெயில் க்யூல காத்திருக்கும். அந்த சனிக்கிழமை ஷிப்மென்ட் இல்லாத வாரமா பாருங்க. முடிஞ்சதும் ஒரே ஒரு யூசருக்கு மட்டும் புது இடத்தைக் காட்டி டெஸ்ட் பண்ணுங்க. ஏன்னா எல்லாருக்கும் திறந்துவிட்ட பிறகு பழசுக்குத் திரும்பினா, நடுவுல புதுசுல வந்து விழுந்த மெயில் போயிரும்.

கேள்வி: எங்க அறக்கட்டளைல லினக்ஸ் சர்வர், அதுல டவ்காட்ங்கிற மெயில் சாஃப்ட்வேர். பொது ஃபோல்டர் எல்லாம் தமிழ்ப் பேருலதான். புது சர்வருக்கு இமாப்சிங்க்ங்கிற மெயில் காப்பி டூல் வச்சு மாத்தப் பார்த்தா சில ஃபோல்டர் உருவாகவே மாட்டேங்குது, சிலது உடைஞ்சு ரெண்டா வருது. தமிழ்னாலயா?

பதில்: பாதி தமிழ், பாதி புள்ளி. இமாப்ல (மெயில் ஆப்பும் சர்வரும் பேசிக்கிற முறை) தமிழ்ப் பேரு அப்படியே போகாது, ஆம்பர்சண்ட் குறியில ஆரம்பிச்சு ஹைஃபன்ல முடியிற இங்கிலீஷ் எழுத்துக் குவியலா மாறித்தான் போகும். 30 குறி உள்ள பேரு (மெய்ப்புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறின்னு எண்ணணும்) சுமார் 80 எழுத்து ஆயிரும். புது சர்வர்ல மெயிலைச் சேமிக்கிறது மெயில்டிர் பிளஸ்பிளஸ்ங்கிற அமைப்புன்னா ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர்னு தனித்தனியா வைக்காது, மொத்தப் பாதையையும் ஒரே டைரக்டரி பேரா எழுதும். லினக்ஸ்ல ஒரு பேருக்கு 255 பைட்தான். அப்ப மூணு அடுக்கு வரைக்கும் எப்படியோ தாங்கும், நாலாவது அடுக்குல முட்டிக்கும். பேரைச் சுருக்குங்க, இல்லன்னா டவ்காட்ல லேஅவுட்டை எஃப்எஸ்னு (ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா வைக்கிற முறை) மாத்துங்க.

உடையிறதுக்குக் காரணம் புள்ளி. மெயில்டிர் பிளஸ்பிளஸ்ல புள்ளிதான் அடுக்கு பிரிக்கிற குறி, அதனால "தி.நகர் கிளை"ன்னு இருந்தா "தி"க்குள்ள "நகர் கிளை"ன்னு போய் உக்காந்துக்கும். மெயில் ஒண்ணையும் தொடாம ஃபோல்டரை மட்டும் உருவாக்கிப் பார்க்க இமாப்சிங்க்ல வசதி இருக்கு, மொதல்ல அதை ஓட்டி லிஸ்ட்டை ஒப்பிட்டுப் பாருங்க. பர்மிஷனை அது ஒழுங்கா கொண்டு வரும்னு எதிர்பார்க்காதீங்க. பழைய சர்வர்ல ஏசிஎல் லிஸ்ட்டை (யாருக்கு என்ன பர்மிஷன்ங்கிற பட்டியல்) எடுத்து வச்சு புதுசுல நீங்களே போடுறது நல்லது.

கேள்வி: ஷேர்டு ஃபோல்டர் மாத்தி முடிச்சாச்சு. இப்ப ஒருத்தர் மெயிலைத் திறந்தா எல்லாருக்கும் படிச்சதா காட்டுது, பழைய மெயில்ல பாதி படிக்காததா நிக்குது. ஆபீஸ்ல ஒரே சண்டை.

பதில்: பழைய சர்வர் ஆளாளுக்குத் தனியா படிச்ச கணக்கு வச்சிருந்திருக்கு. காப்பி எடுத்தது ஒரே அக்கவுண்ட்ல, அதனால அந்த ஆளு படிச்ச கணக்கு மட்டும்தான் வந்திருக்கு, மத்தவங்களோடது பழைய சர்வர்லயே நின்னுருச்சு. புது சர்வர் டவ்காட்னா ஷேர்டு ஃபோல்டருக்கு ஆளுக்கொரு தனி இன்டெக்ஸ் (படிச்சது, படிக்காதது குறிச்சு வைக்கிற கணக்கு) வைக்கிற செட்டிங் இருக்கு, உங்க அட்மினைப் போடச் சொல்லுங்க, இனிமே வர்றதுக்கு சண்டை இருக்காது. பழசுக்கு, தண்டர்பேர்ட் மெயில் ஆப் வச்சிருந்தா தேதி குடுத்து அதுக்கு முன்னாடி உள்ளதை மொத்தமா படிச்சதா மார்க் பண்ற மெனு இருக்கு. ஆனா செட்டிங் போட்ட பிறகுதான் அதைத் தொடணும், இல்லன்னா ஒருத்தர் மார்க் பண்றது எல்லாருக்கும் மாறிரும்.