நூற்றுக்கணக்கில் பேட்டன்ட் காட்டும் கல்லூரியில் மகளைச் சேர்க்கலாமா?

ஐயா, உங்கள் மகள் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஆர் அண்ட் டி (ஆராய்ச்சி, மேம்பாட்டு வேலை) பக்கம்தான் போவேன் என்கிறாள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் தனியார் கல்லூரியோ, நூற்றுக்கணக்கான பேட்டன்ட்கள், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமைகள் என்று விளம்பரப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. பக்கத்து அரசுக் கல்லூரியை விட்டுவிட்டு, கடன் வாங்கியாவது அங்கே சேர்க்கலாமா என்பது உங்கள் கேள்வி. அந்த எண்ணிக்கையை மட்டும் நம்பிச் சேர்க்க வேண்டாம். ஏன் என்பதை நீங்களே வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்கலாம்.

காப்புரிமைக்கு விண்ணப்பித்தால், சாதாரணமாக 18 மாதம் கழித்து அது காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகும். படிவம் 9 கொடுத்துக் கட்டணம் கட்டினால் ஒரு மாதத்துக்குள்ளேயே வெளியாகிவிடும். அந்தக் கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதா என்று இந்தக் கட்டத்தில் யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கச் சொல்லித் தனியாகப் படிவம் 18 கொடுக்க வேண்டும். உரிய காலத்துக்குள் கொடுக்காவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கணக்கு. ஆகவே விளம்பரத்தில் ‘பேட்டன்ட் பப்ளிஷ்டு’ என்று இருந்தால், மனு போட்டிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. ‘கிராண்டட்’, அதாவது காப்புரிமை வழங்கப்பட்டது என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த எண்ணிக்கை ஏன் இப்படி ஏறுகிறது என்றால், மத்திய அரசு கல்லூரிகளுக்கு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில், இதழில் வெளியான விண்ணப்பத்துக்கும் மதிப்பெண் உண்டு. 2021-இல் கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணத்தை அரசு 80 சதவீதம் குறைத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் மனுவும் மலிவு, மனுவுக்கு மதிப்பெண்ணும் உண்டு என்றால், அப்புறம் மனுக்கள் குவியாமல் என்ன செய்யும்?

காப்புரிமை அலுவலக இணையதளத்தில் ‘இன்பாஸ்’ என்ற தேடல் வசதி இருக்கிறது, கட்டணம் கிடையாது. விண்ணப்பதாரர் பெயர் கேட்கும் இடத்தில் கல்லூரியின் பெயரைப் போடுங்கள். 202341 என்று தொடங்கும் எண் வந்தால், அது 2023-இல் சென்னை அலுவலகத்தில் (ஐந்தாவது இலக்கமான 4 சென்னையைக் குறிக்கும்) போட்ட மனு. அதைத் திறந்து இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். பத்து மனுக்களைத் திறந்து பார்த்தாலே கல்லூரியின் போக்கு பிடிபட்டுவிடும். ஒரே மனுவில் வெவ்வேறு ஊர்க் கல்லூரிகளைச் சேர்ந்த எட்டுப் பத்துப் பேராசிரியர்கள் கண்டுபிடிப்பாளர்களாக வரிசை கட்டி நின்றால் எனக்குச் சந்தேகம் வரும். பொருளின் தோற்றத்துக்கு மட்டும் வாங்கும் டிசைன் பதிவையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்; அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், காப்புரிமையை விட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. என்ஐஆர்எஃப் தளத்தில் ஒவ்வொரு கல்லூரியும் தானே கொடுத்த தகவல் அறிக்கை பிடிஎஃப்-ஆகக் கிடைக்கும். வெளி நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணம், ஆலோசனைப் பணியில் வந்த வருமானம், முழுநேர முனைவர் பட்ட மாணவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்தவன் பணம் கொடுத்து ஒரு வேலையைச் செய்யச் சொல்கிறான் என்றால் அங்கே ஏதோ நடக்கிறது என்று பொருள். அரசுக் கல்லூரியின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

மகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஆர் அண்ட் டி என்று பலகை மாட்டிய இடமெல்லாம் ஆராய்ச்சி நடக்கும் இடமல்ல. எதை ஆராய்ச்சி என்று கணக்கில் எடுப்பது என்பதற்கு ஃப்ராஸ்கடி கையேடு என்று ஒரு சர்வதேச வரையறை இருக்கிறது. இத்தாலியின் ஃப்ராஸ்கடி ஊரில் நிபுணர்கள் கூடிப் பேசி 1963-இல் உருவானது அது. செய்வது புதியதாக இருக்க வேண்டும், முடிவு என்னவாகும் என்று முன்கூட்டித் தெரிந்திருக்கக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகளில் முக்கியமானவை. தினசரித் தரப் பரிசோதனையும் பழைய வரைபடத்தில் அளவு மாற்றுவதும் இதில் சேராது. மோசமான வேலைகள் அல்ல, சம்பளமும் வரும். அவள் நினைக்கும் வேலை அதுவல்ல, அவ்வளவுதான்.

அசல் ஆராய்ச்சி வேலைகள் நம் நாட்டில் குறைவு. 2020-21 கணக்குப்படி இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம், தென் கொரியாவில் அது 5 சதவீதத்தை ஒட்டி வரும். அதிலும் நம் தனியார் நிறுவனங்களின் பங்கு பாதிகூட இல்லை. இருக்கும் இடங்களுக்கும் எம்.டெக்., பிஎச்.டி. முடித்தவர்களுக்கே முன்னுரிமை. அதனால் இளநிலைக் கல்லூரிக்காகக் கடன் வாங்குவதைவிட, எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வுக்கு அவளைத் தயார்படுத்துவது மேல். ‘படித்துக்கொண்டே இருந்தால் எப்போது சம்பாதிப்பாள்’ என்ற உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் 2023 ஜனவரி முதல் பிஎச்.டி. செய்பவர்களுக்கான ஜூனியர் ஆராய்ச்சி உதவித்தொகையே மாதம் 37,000 ரூபாய்.

தரமணியில் ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்கா இருக்கிறது. அங்கே வாடகை கொடுத்தால் மட்டும் போதாது; ஐஐடி பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து வேலை செய்ததற்கு நிறுவனங்கள் கிரெடிட் எனும் புள்ளிகளைச் சேர்த்துக் காட்ட வேண்டும். ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த எஞ்சினை வைத்து 2024 மே 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவியது. மெக்கானிக்கல் படிப்பவளுக்கு அங்கெல்லாம் வேலை இருக்கிறது.

சரி, இப்போதைக்கு என் யோசனை: அறிக்கைகளை ஒப்பிட்டதில் பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால் அரசுக் கல்லூரியையே முதல் விருப்பமாகப் போடுங்கள். இந்தியாவின் அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்துக்குப் படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். தேர்வானால் இரண்டு மாதம் ஓர் உண்மையான ஆய்வகத்தில் இருந்து, இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று அவளே பார்த்துக்கொள்வாள். விண்ணப்பத்தோடு ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதனால் அவளை நன்றாகத் தெரிந்த ஒரு பேராசிரியராவது இரண்டாம் ஆண்டுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.